வீடு திரும்பாத வேவுக்கண்

அமலா உள்ளே வந்தபோது சீனுவாசன் ஒரு கல்யாண வீடியோவிலிருந்து மாப்பிள்ளையின் தும்மலை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார். திண்டிவனம் மேம்பாலத்துக்கு அருகே, மாடியில் ஒரே அறை. பாதி அவருடைய ஸ்டூடியோ. மீதிப் பாதி காந்திமதியின் துப்பறியும் அலுவலகம். விமானப்படையில் வேவுப் படங்களைப் பார்த்து, எது மரம், எது மரம்போல் மூடிவைத்த பீரங்கி என்று சொல்வதுதான் காந்திமதியின் உத்தியோகமாக இருந்தது. ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபின் மனிதர்களை அப்படிப் பார்க்கிறார். சீனுவாசனை யாரும் அவருக்கு உதவியாளராக நியமிக்கவில்லை. ஐம்பது வயதில் அவரே தன்னை நியமித்துக்கொண்டார்.

"மேடம், எங்க வூட்டுக்காரரை சாயங்காலம் போலீசுல ஒப்படைக்கப் போறாங்களாம். ராணுவ ரகசியத்தை வித்துட்டாருன்னு சொல்றாங்க," என்றாள் அமலா. நின்றபடியேதான் சொன்னாள்.

காந்திமதி நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்காருங்க. தண்ணி குடிச்சிட்டு முதல்லேருந்து சொல்லுங்க."

அவள் கணவன் ஆனந்தராஜ், ஊருக்கு வெளியே ராணுவத்துக்கு வேவு ட்ரோன் செய்யும் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். முந்தாநாள் ஒலக்கூர் பக்கம் சோதனை ஓட்டம். பறந்துகொண்டிருந்த ட்ரோனின் சிக்னலை வேண்டுமென்றே முடக்கிப் பார்த்திருக்கிறார்கள். அதோடு அது காணாமல் போயிற்று.

"சண்டைல எதிரி சிக்னலை முடக்கிட்டான்னா, அது கெளம்புன எடத்துக்குத் திரும்பி வரக் கூடாதாம் மேடம். வந்தா பின்னாலயே மோப்பம் புடிச்சிக்கினு வந்து நம்ம ஆளுங்க தலைமேல குண்டு போட்டுடுவான். அதனால மரம், செவுரு இல்லாத வெட்டவெளியா பாத்து எறங்கி, வாயை மூடிக்கினு கெடக்கணும். இவருதான் அப்படி பண்ணி வெச்சாரு. அது சொன்னபடி கேட்டுச்சு, இவருக்குத்தான் ஆபத்தா முடிஞ்சுது."

"யாரும் பார்க்கலையா?"

"அதுமேல செக்யூரிட்டி ஆபீசரு நம்பரும், 'தொட வேண்டாம், தகவல் சொல்லவும்'னும் ஒட்டியிருந்துச்சு. பாண்டுரங்கன்னு ஒரு விவசாயி பாத்துட்டு வாய்ஸ் மெசேஜ் போட்டாராம், வூட்டுக்குப் பின்னால இருக்குதுன்னு. ஆபீசரு போய் பாத்தா பொருளும் இல்ல, ஆளும் இல்ல. வூடு பூட்டிக் கெடக்குது, போனும் ஆஃப். எங்க எறங்கும்னு தெரிஞ்சவரு இவருதானே, ரெண்டு பேரும் சேந்து கைமாத்திட்டாங்கன்னு சொல்லிட்டாங்க."

"அந்த மெசேஜை உங்க வீட்டுக்காரர் கேட்டாரா?"

"கேக்க வுடலியே. ரகசியமாம். ஆபீசரு ஒருத்தருதான் கேட்டிருக்காரு."

காந்திமதி எழுந்து செருப்பை மாட்டினார். சீனுவாசன் அதற்குள் வேன் சாவியோடு வாசலில் நின்றார்.

வழியெல்லாம் சீனுவாசன், ட்ரோன் இந்நேரம் கப்பலேறி எந்தெந்த நாட்டுக்குப் போயிருக்கும் என்று விளக்கிக்கொண்டு வந்தார். பின்சீட்டில் அமலா புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. காந்திமதி கவனித்தார்.

"சீனு, ஒலக்கூர் பக்கம் மல்லாட்டை அறுவடை ஆகுதா?"

"ஜோரா ஆவுது மேடம். எங்க மச்சான் வூட்டுக்கே வர்றதில்ல, நாளெல்லாம் கொல்லையிலதான் கெடக்குறான்." சொல்லிவிட்டு, இந்த நேரத்தில் வேர்க்கடலைப் பேச்சு எதற்கு என்று அவருக்குள் ஒரு சலிப்பு வந்தது.

கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரி கிருஷ்ணசாமி மடிப்புக் கலையாத சட்டையோடு வரவேற்றார். காந்திமதி விமானப்படைக்காரர் என்பதால்தான் உள்ளே விட்டதாகச் சொல்லிவைத்தார். கும்பகோணத்துக்காரர், இந்த ஊருக்கு வந்து இன்னும் ஒரு பொங்கல்கூட ஆகவில்லை. மூலையில் ஆனந்தராஜ் சவரம் செய்யாத முகத்தோடு உட்கார்ந்திருந்தான். அமலாவைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

"இன்னொரு ட்ரோனை அனுப்பி அந்த ஆள் வீட்டைச் சுற்றித் தேடினோம். நீங்களே பாருங்கள்," என்று கிருஷ்ணசாமி திரையை ஓடவிட்டார்.

பூட்டிய வீடு. பின்னால் ஒரு முருங்கை, மாட்டுக்கொட்டகை, துணி காயும் கயிறு. ட்ரோன் தெருவைத் தாண்டி ஊர்க்கோடிக்குப் போனது. அங்கே செம்மண் நிலத்தில் மல்லாட்டைச் செடிகளைப் பிடுங்கிக் குவியல் குவியலாகப் போட்டிருந்தார்கள். ஒருவரும் அங்கே வேலை செய்யவில்லை.

"நிறுத்துங்க. இது யார் நிலம்?"

"அதே பாண்டுரங்கனுடையதுதான்."

"பிடுங்கின மல்லாட்டையைக் காட்டுலயே போட்டுட்டு ஒரு விவசாயி ஓடிப்போவானா சார்? பொருளை வித்துட்டு ஓடுறவன் விளைச்சலையும் வித்துட்டுத்தான் ஓடுவான். இவர் ஏதோ அவசரத்துல போயிருக்கார். திரும்பி வரத்தான் போறார்."

கிருஷ்ணசாமி திரையை மறுபடி உற்றுப் பார்த்தார்.

"இன்னொண்ணு. மரமும் சுவரும் இல்லாத இடத்துல இறங்கற ட்ரோன், முருங்கைக்கும் கொட்டகைக்கும் நடுவுல எப்படி இறங்கும்? தொட வேண்டாம்னு ஒட்டியிருக்கு, அதனால தூக்கிட்டு வந்து வெச்சிருக்கவும் மாட்டார். அப்படின்னா, வீட்டுக்குப் பின்னாலன்னு அவர் சொல்லியே இருக்க மாட்டார். அவர் சொன்ன வார்த்தை என்ன சார்?"

"அது ரகசிய..."

"ஒரு மனுஷனோட வாழ்க்கை போகப் போகுது சார். போடுங்க."

கிருஷ்ணசாமி தயங்கித் தயங்கிக் கைப்பேசியைத் தொட்டார். கரகரத்த குரல் ஒன்று அவசரமாகப் பேசியது: "சார், உங்க ப்ளேனு எங்க கொல்லைல கெடக்குது. நான் தொடல. மழை வர்ற மாரி கீது, கொடி போட்டு மூடி வெச்சிருக்கேன். வந்து எடுத்துக்கினு போங்க."

சீனுவாசன் தலையில் அடித்துக்கொண்டார். ஆனந்தராஜ் இரண்டு நாளில் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"கொல்லை என்றால் கொல்லைப்புறம்தானே?" என்றார் கிருஷ்ணசாமி. "அங்கே கொடியில் காய்ந்த போர்வையைக்கூட உதறிப் பார்த்துவிட்டோம்."

"உங்க ஊர்ல கொல்லைன்னா வீட்டுக்குப் பின்னால இருக்கற இடம். இந்த ஊர்ல கொல்லைன்னா மானாவாரிக் காடு, மல்லாட்டை, கேப்பை போடற நிலம். கொடின்னா மல்லாட்டைக் கொடி. இங்க கேட் காக்கறவர்கிட்ட போட்டுக் காட்டியிருந்தாலும் சொல்லியிருப்பார்," என்றார் காந்திமதி. குரலில் குத்தல் இல்லை. "இப்ப படத்தைப் பாருங்க. ஆள் வெச்ச குவியல் எல்லாம் ஏர் ஓட்டின சால் பிடிச்சு வரிசையா இருக்கு. இது ஒண்ணு மட்டும் வரிசை தப்பி நடுவுல நிக்குது. ட்ரோன் இறங்கின இடத்துலயே மூடினா அப்படித்தான் நிக்கும். நீங்க வானத்துலேருந்து தேடினீங்க. அவர் வானத்துக்குத் தெரியாம மூடிட்டார்."

கொல்லையில் வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. வரிசை தப்பிய குவியலில் ஆனந்தராஜ் கையை விட்டான். வாடிய கொடிகளுக்கு அடியில் சாம்பல் நிற இறக்கை தெரிந்தது. கேமரா கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை, பாகங்களை மூடிய முத்திரையும் உடையவில்லை. அமலா வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். சீனுவாசனுக்கும் கண் கலங்கிவிட்டது, மண் பட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டார்.

அப்போது கிருஷ்ணசாமியின் கைப்பேசி அடித்தது. பேசியவர் பாண்டுரங்கன்தான். "என்னா சார், எடுத்துக்கினீங்களா? பொண்ணுக்கு வலி வந்துடுச்சுன்னு ஜல்தியா பாண்டிச்சேரி வந்துட்டேன், சார்ஜரு எடுத்தார மறந்துட்டேன், இப்பத்தான் ஒருத்தர்கிட்ட வாங்கி போட்டேன். பேத்தி பொறந்துட்டா சார்."

"நல்லா இருக்கட்டும்," என்ற கிருஷ்ணசாமி, கைப்பேசியைப் பைக்குள் போட்டார். பிறகு ஆனந்தராஜிடம் வந்தார். "தப்பு என் பேரில்தான். எழுத்திலேயே தருகிறேன். நீங்கள் வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள்."

ஆனந்தராஜ் காதில் வாங்கினானா என்று தெரியவில்லை. மண்டியிட்டு, ட்ரோனின் இடுக்குகளில் சிக்கிய மண்ணைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தான். "சொன்னபடி எறங்கியிருக்கு பாத்தியா அமலா," என்றான்.

அமலா முகத்தைத் துடைத்துக்கொண்டு கிருஷ்ணசாமியைப் பார்த்தாள். "நல்லா பாருங்க சார். இதைத்தான் இவரு வித்துட்டாருன்னு சொன்னீங்க."