தட்டியது கேட்கவில்லை

ஏரிக்கரைச் சவுனாவின் மேல் பலகையில் நான்கு துணிகள் விரித்திருந்தன. ஆவிக் குளியலுக்கு ஆளுக்கொரு துணி போட்டுத்தான் உட்காருவார்கள். வந்திருந்ததோ மூன்று பேர். வில்யா நான்காவதைத் தொட்டுப் பார்த்தாள். சொட்டச் சொட்ட ஈரம், ஏரித் தண்ணீரின் வாசனை. அவளுக்குப் பயம்கூடச் சரியாக வரவில்லை. ஒரு வருடமாகவே எதுவும் சரியாக வருவதில்லை.

"யாருடி நாலு விரிச்சது?"

"பழக்கதோஷம்," என்றாள் சைமி. தூலி அந்தத் துணியிலிருந்து தள்ளி உட்கார்ந்தாள்.

போன பிப்ரவரியில் பிஹ்லாவும் இருந்தாள். உறைந்த ஏரியின் பனியில் வெட்டிய குழியில் முங்கிவிட்டு அவள் ஓடி வருவதற்குள் சைமி கதவைத் தாழிட்டாள், சும்மா விளையாட்டுக்கு. பிஹ்லா தட்டினாள், கெஞ்சினாள். மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தட்டுவது நின்று வெகுநேரம் கழித்துத்தான் திறந்தார்கள். பிஹ்லா படியில் விறைத்துச் செத்துக் கிடந்தாள். சூடான கற்களில் தண்ணீர் ஊற்றிய இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை என்று போலீசிடம் ஒரே வாயாகச் சொன்னார்கள். ஊரே நம்பியது. அந்த இரைச்சல் தெரியாதவர் அங்கே யார்?

"நாளைக்கு பிஹ்லா அம்மாகிட்ட நெசத்தைச் சொல்லிடப் போறேன்," என்றாள் வில்யா.

சைமி தண்ணீரை அள்ளி ஊற்றினாள். கற்கள் சீறின, ஆவி காதுமடலைச் சுட்டது, உடம்பில் அடித்துக்கொள்ளும் பிர்ச் மர இலைக்கொத்தின் வாசனை மூக்கில் ஏறியது, விளக்கு மங்கியது. அந்தச் சீறலுக்கு அடியில், கதவுக்கு வெளியே, காத்திருந்து பழகியவரைப் போல யாரோ நிதானமாகத் தட்டினார்கள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல," என்றாள் தூலி. அவளை யாரும் கேட்கவே இல்லை.

மறுபடியும் தட்டல்.

"பேசாம உக்காருடி, பெரிய நல்லவ!" என்றாள் சைமி.

இந்த முறையாவது திறக்க வேண்டும். வில்யா எழுந்துபோய்த் திறந்தாள். யாருமில்லை. ஐந்து மணிக்கே இருட்டிவிட்ட ஏரி. படியிறங்கிப் பார்த்தாள். வெறுங்கால். பனி. இரண்டே எட்டு.

பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.

"சைமி! விளையாடாதடி!"

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம். சிரிப்பு. தட்டினாள். கத்தினாள். தட்டினாள். கை மரத்தது. பிறகு பாதம். வலியே இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

சின்னச் சன்னலில் ஆவியைத் துடைத்துவிட்டு மூன்று முகங்கள் எட்டிப் பார்த்தன. சைமி. தூலி. நடுவில் பிஹ்லா சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த வெக்கையிலும் அவள் தலைமுடியில் பனிக்கட்டி உருகவில்லை.