ஊதாத சங்கு

வெண்பாறைக் கோட்டையின் நிலா முற்றத்தில் அன்று அந்தி வேளையில் கூடியிருந்தவர்கள் நால்வரே. மன்னர் பாசறைக்குச் சென்றிருந்தபடியால் வெறுமையாய்க் கிடந்த சிங்காதனத்துக்கு இடப்புறம், ஒரு சிறு பீடத்தில், அவர் மகள் பூதிநங்கை அமர்ந்திருந்தாள். வலப்புறத்து ஆசனத்தில், நரைத்த மீசையை நீவியபடி, கோட்டைத் தலைவர் விழுப்பரையர். எதிரே புலித்தோல் விரித்த இருக்கையில், கழுத்து நிறைய மாலையுடன் ஓடப்படைத் தலைவன் நாகன் கூத்தன். குதிரைப்படைத் தலைவன் சாத்தன் காரிக்கு ஆசனம் கிடையாது. கைவிலங்குடன் தூணோரம் நின்றான். கீழே பெண்ணையாறு, உதயமாகிக்கொண்டிருந்த மதியின் பொற்கிரணங்களை அள்ளி அள்ளித் தன் அலைமேனியில் பூசிக்கொண்டு, நேற்று நடந்ததை அடியோடு மறந்துவிட்டதுபோல் சலசலத்து ஓடியது.

வாசக நேயர்களே, அதை நாம் மறப்பதற்கில்லை. முற்றுகையிலிருந்த கோட்டைக்குப் பகைவர் அறியாத ஒரே வழி, நாணற்காட்டுக்குள் மறைந்திருந்த, ஓடங்களை வடத்தால் பிணைத்த பாலம். குழந்தைகள் பசியால் அழுவதைப் பொறுக்காத காரி, உத்தரவின்றி அதைக் கடந்து நெல் கொண்டுவரப் போனான். திரும்பும் வழியில் ஒரு மூட்டையின் தையல் விட்டுப்போக, சிந்திய நெல்மணிகளே பகைவரைப் பாலத்தின் மறுமுனைக்கு அழைத்துவந்துவிட்டன. நல்லவேளையாகக் கூத்தன் வடத்தை வெட்டினான்; ஓடங்கள் சிதறின; பகைவர் அக்கரையில் திகைத்து நின்றனர்; கோட்டை பிழைத்தது. பாலத்தின் நடுவே வந்துகொண்டிருந்த காரி நீந்திக் கரையேறினான். ஏறிய கையோடு விலங்கும் ஏறியது. பகைவருக்கு வழி திறந்தவனுக்கு விடியலில் மரணம் என்பது கோட்டைச் சட்டம். மன்னரின் கட்டளை ஒன்றே அதைத் தடுக்க முடியும்.

"ஒருவன் காத்தான், ஒருவன் காட்டிக்கொடுத்தான். இதில் விசாரிக்க என்ன இருக்கிறது, அம்மணி?" என்றார் விழுப்பரையர்.

"காட்டிக்கொடுத்தது நெல்மூட்டை, ஐயா."

"மூட்டைக்குத் தலை இல்லையே, வெட்டுவதற்கு!"

பூதிநங்கை கூத்தன் பக்கம் திரும்பினாள். "ஓடநாயகரே! வடத்தை அறுக்குமுன், பாலத்தில் இருக்கும் நம்மவருக்காகச் சங்கு ஊதுவது உங்கள் படையின் முறையல்லவா? நேற்று ஏன் ஊதவில்லை?"

கூத்தனின் விரல்கள் மாலையில் ஓர் இதழைக் கிள்ளின. "ஊதினால் பகைவர் காதிலும் விழுமே, தேவி."

"அப்படியானால் பகைவர் அப்போதே கண்ணில் பட்டுவிட்டார்களா?"

தூணோரத்திலிருந்து காரி குறுக்கிட்டான்: "நேற்றிரவு ஒரே மேகமூட்டம், தேவி. கரையில் நின்றவர் முகமே எனக்குத் தெரியவில்லை; அவருக்கும் நான் தெரிந்திருக்க மாட்டேன். மாலை விழுந்த கழுத்தை விட்டுவிடுங்கள். மதில்மேல் நிற்பவர்களுக்கு இன்று ஒரு வீரர் வேண்டும்."

பூதிநங்கை திடுக்கிட்டாள். நேற்று நிலா பாலாய்ப் பொழிந்ததை அவள் உப்பரிகையிலிருந்து பார்த்தாளே! அவள் நெஞ்சைக் கவர்ந்த இந்த மனிதர் ஒருநாளும் பொய் சொல்லாதவர். சாகப்போகும் நேரத்தில் யாரைக் காப்பாற்றப் பொய் சொல்கிறார்?

கூத்தன் சட்டென்று எழுந்தான். "போதும், காரி! உன் கருணை என் குரல்வளையை நெரிக்கிறது. தேவி, நிலா பகலாய்க் காய்ந்தது. பாலத்தில் ஒரே ஒருவனைத்தான் கண்டேன். இவன் மூழ்கினால் உங்கள் மனத்தில் எனக்கு இடம் பிறக்கும் என்று எண்ணி அறுத்தேன். அறுத்த பிறகே பகைவரின் குதிரைகள் கனைப்பது கேட்டது. கோட்டையைக் காத்தது என் கத்தி, நான் அல்ல!"

"வாயை மூடும், ஐயா!" என்று சீறினார் விழுப்பரையர். "வடம் அறுந்தது, கோட்டை பிழைத்தது. மனத்தில் கிடந்ததை எந்தத் தராசில் நிறுப்பது?"

"நிறுக்கத்தான் வேண்டும். விளைந்ததை மட்டும் பார்த்தால், இக்கோட்டையில் இனி அதிர்ஷ்டசாலிகள்தாம் உத்தமர்கள்!"

பூதிநங்கை இப்படிச் சொல்லிவிட்டாளே தவிர, ஓலையை எடுத்ததும் அவளுக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. நீதிக்காக எழுதுகிறோமா, காரிக்காக எழுதுகிறோமா? நடந்தது அனைத்தையும் தந்தைக்கு எழுதி, காரியின் உயிரைக் கோரிய பின், இப்படி முடித்தாள்: 'இதை எழுதுகிறவள் அவரிடம் நெஞ்சைப் பறிகொடுத்தவள். என் எண்ணத்தையும் சேர்த்தே தராசில் இட்டருள்க.'

ஓலையைச் சுருட்டி, நூல் சுற்றி, அரக்கின்மேல் மோதிரத்தை அழுத்தினாள். பிறகு அதைக் கூத்தனிடம் நீட்டினாள்.

"விடிவதற்குள் ஆற்று வழியே பாசறைக்குப் போய்ப் பதில் கொண்டுவர வேண்டும். ஆற்றுச் சுழல்களை அறிந்தவர் நீங்கள் ஒருவரே."

"நன்றாயிருக்கிறது!" என்றார் விழுப்பரையர். "தன் தலைக்குத் தானே ஓலை சுமப்பாரா? ஆற்றில் போட்டுவிட்டு, பரிசல் கவிழ்ந்தது என்று வந்து நிற்பார். காரியின் தலை போகும். இவர் மாலை வாடாது!"

"தேவி, ஆணையிட்டுச் சொல்கிறேன்..." என்று தொடங்கினான் கூத்தன்.

"வேண்டாம். நேற்றும் உங்களை யாரும் பார்க்கவில்லை. இன்றும் ஆற்று நடுவில் யாரும் பார்க்கப்போவதில்லை. போய் வாருங்கள்."

கூத்தன் மாலையைக் கழற்றிப் புலித்தோலின்மேல் வைத்துவிட்டுப் படியிறங்கினான்.

பூதிநங்கை கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு கீழே ஆற்றங்கரையைப் பார்த்தாள். நனைந்தால் பாதகமில்லாததை ஓடக்காரர்கள் இடுப்பில் செருகுவார்கள். உயிரே போனாலும் நனையக்கூடாததைத் தலைமுடியில் வைத்து முடிந்துகொள்வார்கள். அது அவளுக்குத் தெரியும்.

பரிசலருகே கூத்தனின் கை இடைக்கச்சைக்குச் சென்றது. அங்கேயே தயங்கி நின்றது. கோட்டையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தான். பிறகு குடுமியை அவிழ்த்து, ஓலையை உள்ளே வைத்து, இறுக முடிந்துகொண்டு, துடுப்பை எடுத்தான்.