சொந்த இரத்தத்தில் ஊற்றிய தட்டு

நேற்று மாலை இன்கியூபேட்டருக்குள் தனோஜன் வைத்துவிட்டுப் போனவை எட்டுத் தட்டுகள். இப்போது ஒன்பது இருந்தன.

மறுபடியும் எண்ணினான். ஒன்பதுதான். பௌர்ணமிப் போயா லீவு என்பதால் லேப் மூடிக் கிடந்தது. முன் ஷட்டரை அரைவாசி இறக்கிவிட்டு அவன் மட்டும் உள்ளே வந்திருந்தான். பகல் இரண்டு மணிக்கே மாத்தளை டவுன் மழையில் இருண்டு போயிருக்க, தகரக் கூரையில் விழுந்த மழைச் சத்தத்தோடு பிரிட்ஜின் உறுமலும் சேர்ந்து காதை அடைக்க, திறந்த இன்கியூபேட்டரிலிருந்து வந்த இளஞ்சூட்டில், வழக்கமான வாடைக்கு அடியில் இன்னொரு மணமும் இருந்தது. காய்ச்சல்காரப் பிள்ளையின் தலைமுடியில் வருமே, அந்தப் புளித்த வியர்வை மணம். சாவி அவனிடமும் முதலாளியிடமும் மட்டும்தான் உண்டு. முதலாளி காலையிலேயே வஹகோட்டைக்குக் கலியாண வீட்டுக்குப் போய்விட்டார்.

எட்டில் மூன்று தட்டுகள் அவன் மகள் நிலக்ஷியுடையவை. ஆறு வயது. நான்கு நாளாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், காய்ச்சல் நூற்று மூன்றுக்குக் கீழே இறங்கவில்லை. முந்தாநாள் அவனே பிள்ளையின் இடது கையில் ஊசி குத்தி இரத்தம் எடுத்து, போத்தலில் விட்டு இங்கே கொண்டு வந்தான். நேற்று அந்தப் போத்தல் அரிசி கழுவிய தண்ணீராகக் கலங்கியிருந்தது. உள்ளே பற்றீரியா பெருகிவிட்டது என்று அர்த்தம். அதில் ஒரு துளியை இரத்தம் கலந்த ஏகார்க் கூழ்த் தட்டில் தீட்டி, ஒரு நாள் சூட்டில் வைத்து, எந்தப் பற்றீரியா என்று பார்த்துச் சொன்னால் டொக்டர் அதற்குரிய மருந்தை ஏற்றுவார்.

போன் அடித்தது. மனைவி அஜந்தா.

"என்னங்க, பாத்தீங்களா? டொக்டர் ரெண்டு தரம் கேட்டுட்டாரு. நீங்க சொன்னாத்தான் மருந்த மாத்துவாராம்."

"இப்பதான் வந்தேன். பாத்துட்டு எடுக்கிறேன்."

"சீக்கிரம் பாருங்க. பிள்ள கண்ணே திறக்கிறா இல்ல."

நிலக்ஷியின் மூன்று தட்டுகளையும் எடுத்து ஒவ்வொன்றாக டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தான். சிவப்பாக, வழுவழுப்பாக, துடைத்துவிட்டது போல இருந்தன. ஒரு புள்ளி இல்லை. போத்தல் அப்படிக் கலங்கியிருக்க, தட்டில் ஒன்றுமே வளராமல் இருக்க வழியே கிடையாது.

அப்போதுதான் ஒன்பதாவதைத் திருப்பிப் பார்த்தான். அடியில் கறுப்பு மார்க்கரில் 417. ஏழின் நடுவே ஒரு சின்னக் கோடு. அவனுடைய கையெழுத்து.

417 போன வருடத்து நம்பர். ரஜனி, எட்டு வயது, உக்குவளைக்கு மேலே ஒரு தோட்டத்துப் பிள்ளை. அந்த வாரம் மண்சரிவில் ரோட் மூடிக் கிடந்ததால் தட்டு செய்ய வேண்டிய செம்மறியாட்டு இரத்தம் வந்து சேரவில்லை. முதலாளி அவசரப்படுத்தினார். தனோஜன் தன் கையிலிருந்தே இருபத்தைந்து மில்லி இரத்தத்தை உறிஞ்சி, ஏகாரில் கலந்து தட்டுகளை ஊற்றினான். அந்தக் காலத்து ஆட்கள் செய்த வேலைதானே, இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தான். பல் வீக்கத்துக்காக அந்த வாரம் முழுக்கத் தான் அன்டிபயோட்டிக் விழுங்கிக்கொண்டிருந்தது மட்டும் அந்தப் படித்த மண்டையில் உறைக்கவில்லை. மருந்து ஊறிய இரத்தத்தில் எந்தப் பற்றீரியா வளரும்? வளர்ச்சி இல்லை என்று ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்து வைத்தான்.

இரண்டாம் நாள் உறைத்தது. அப்போது ரஜனி உயிரோடுதான் இருந்தாள். அவளுடைய போத்தலும் அலமாரியில் அப்படியே இருந்தது. வேறு தட்டில் தீட்டி, வார்டுக்கு ஒரு போன் அடித்திருந்தால் போதும். அடித்தால் வேலை போகும், பெயர் கெடும். ஆகவே போத்தலையும் தட்டுகளையும் ஓட்டோகிளேவின் கொதி நீராவியில் வேகவைத்துக் குப்பைக்கு அனுப்பினான் அந்த நல்ல மனுஷன். நான்காம் நாள் பிள்ளை செத்துப்போனாள்.

அவளுடைய தாய் அழகம்மா ரிப்போர்ட்டைப் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து கவுண்டரில் நின்றாள்.

"இங்கிலீஷ்ல இருக்கு சார். நீங்களே வாசிச்சு சொல்லுங்க."

"ஒண்ணும் வளரலன்னு இருக்கும்மா."

"கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எம்புள்ள ஒடம்புல ஒண்ணுமே இல்லன்னா, அப்ப அவள எது சார் தின்னுச்சு?"

அவள் அழவும் இல்லை, மண்ணை வாரித் தூற்றவும் இல்லை. தூற்றியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "இன்னொருக்கா சொல்லுங்க" என்றாள். சொன்னான். இன்னொரு முறையும் சொல்ல வைத்தாள். பிறகு அந்தத் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள்.

வேகவைத்துக் கொட்டிய அந்தத் தட்டுத்தான் இப்போது அவன் கையில் இருந்தது. வெதுவெதுவென்று இருந்தது. மூடியைத் திறந்தான். குண்டூசித் தலை அளவில் வெள்ளைப் புள்ளிகள். ஒவ்வொன்றைச் சுற்றியும் இரத்தம் தின்னப்பட்டு, சிவப்பு போய், கண்ணாடியாகத் தெளிந்த ஒரு வட்டம். அந்த வட்டங்களின் வழியே அடியில் இருந்த அவன் விரல் ரேகை தெரிந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வட்டம் பெரிதாகிப் பக்கத்து வட்டத்தைத் தொட்டது. அவன் உடலிலிருந்து எடுத்த இரத்தத்தை அவன் கண்முன்னாலேயே தின்றுகொண்டிருந்தது.

தட்டைக் குப்பை வாளிக்குள் எறிந்தான். பயப்பட நேரமில்லை, பிள்ளை அங்கே கிடக்கிறாள். தட்டு காட்டாவிட்டால் போத்தல் காட்டட்டும். நிலக்ஷியின் போத்தலிலிருந்து ஒரு துளியை எடுத்து, கண்ணாடித் துண்டில் தடவி, நெருப்பில் காட்டிச் சாயமேற்றினான். பின்னால் இன்கியூபேட்டருக்குள் தட்டுகள் ஒன்றோடொன்று உரசின. டிக். டிக். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தான்.

இருந்தது. ஊதா நிற மணிகள், மாலை மாலையாக. இந்த உருவத்தைப் பார்த்த மட்டிலேயே என்ன மருந்து என்று டொக்டர் சொல்லிவிடுவார். தனோஜனுக்கு அழுகை வந்தது. பிழைத்தாள் என் பிள்ளை என்று வாய்விட்டுச் சொன்னான். போனை எடுத்து அடித்தான்.

"அஜந்தா, டொக்டர்கிட்ட சொல்லு..."

"சொல்லுங்க, என்ன இருக்கு?"

"ஒண்ணும் வளரல."

அவன் சொல்ல நினைத்தது அதல்ல. தொண்டையைச் செருமிக்கொண்டான். மணிமாலை போல இருக்கு, மருந்த மாத்தச் சொல்லு. அதுதான் நாக்கில் நின்றது.

"ஒண்ணும் வளரல" என்றது அவன் வாய்.

"அப்ப பயமில்லையா?" அஜந்தாவின் குரலில் உயிர் வந்தது. "இருங்க, டொக்டர் இங்கதான் நிக்கிறாரு, சொல்லிடுறேன்."

இல்லை. இல்லை. பொய்.

"ஒண்ணும் வளரல."

மெசேஜ் எழுதினான். விரல் அதையே எழுதியது. அழித்தான். மறுபடியும் அதையே. ஓடிப்போய்ச் சொல்லலாம் என்று ஷட்டருக்கு ஓடினான். அரைவாசியில் நின்ற ஷட்டர் தரை வரை இறங்கியிருந்தது. தூக்கினான். அசையவில்லை. அறை முழுவதும் அந்த வியர்வை மணம். இன்கியூபேட்டர் கதவு திறந்து கிடந்தது. உள்ளே தட்டுகள். எட்டு அல்ல. ஒன்பது அல்ல. மேல் அடுக்கு வரை அடைத்துக்கொண்டு. எல்லாவற்றிலும் 417.

"ரஜனி" என்றான். "நான்தான் செஞ்சேன். எனக்குத் தெரிஞ்சுதான் செஞ்சேன். என்னைய எடு. அவ சின்னப் பிள்ள."

அது மட்டும் தடையில்லாமல் வந்தது.

கூரையில் மழை மட்டும் கொட்டியது.

போன் மினுங்கியது. வீடியோ கோல். அஜந்தாவின் முகம் திரையில் ஆடியது.

"என்னங்க, இங்க பாருங்க. நீங்க ரத்தம் எடுத்தீங்களே, அந்த இடம்... இது என்னன்னு சொல்லுங்க. டொக்டர் வார்ட விட்டுப் போயிட்டாரு. எனக்குப் பயமா இருக்கு."

போன் கீழே திரும்பியது. நிலக்ஷியின் இடது கை. ஊசி குத்திய இடத்தில் குண்டூசித் தலை அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி. அதைச் சுற்றித் தோல் நிறம் இல்லை, இரத்தம் இல்லை, சதை இல்லை. தெளிந்த ஒரு வட்டம். அதன் வழியே, கைக்கு அடியில் விரித்திருந்த துணியின் நீலப் பூ தெளிவாகத் தெரிந்தது.

வட்டம் மெல்லப் பெரிதாகி, இரண்டாவது பூவைக் காட்டியது.