எங்கு வேண்டுமானாலும் உட்காரலாம்

டாலஸிலிருந்து வந்த விமானம் எல் பாஸோவில் நின்றது. பெல்ட்டுகள் கழலும் சத்தத்துக்கு நடுவே நோரீன் டாக்கெட் குனிந்து, முன்சீட்டுக்கு அடியிலிருந்த தன் கான்வாஸ் பையை இழுத்தாள். பை லேசாகக் கையோடு வந்துவிட்டது. ஜிப்பைத் திறந்தாள். உள்ளே ஒரு துண்டும் தண்ணீர் பாட்டிலும்தான் இருந்தன.

"கதவைத் திறக்காதீங்க," என்று எழுந்து நின்று சொன்னாள். "என் பையிலருந்து ஒரு சாமானைத் திருடிட்டாங்க."

திருடு போனது ஒரு இரும்பு வால்வு. நடுவே விரிசல் விட்டது, பழைய இரும்புக்குக்கூடத் தேறாது. ஆனால் ஓடிஸ் ஃபென்னர் என்ற லாரி டிரைவரின் மிச்ச வாழ்க்கை அதில்தான் இருந்தது. மலை இறக்கத்தில் அவனுடைய லாரி ஒரு காரை நசுக்கியதில் இருவர் இறந்துபோனார்கள். பிரேக் பிடிக்கவில்லை என்று அவன் சொன்னதை யாரும் நம்பவில்லை. லாரிக் கம்பெனி வண்டியை அவசரமாக உடைத்து விற்றுவிட்டது. அவனுடைய வக்கீல் நோரீன், பழைய இரும்புக் கடைகளில் அலைந்து திரிந்து அந்த பிரேக் வால்வைக் கண்டெடுத்திருந்தாள். அன்று மதியம் விசாரணை.

காலை 11.50. விமான நிலையப் போலீஸின் துப்பறிவாளர் இமெல்டா கான்டூ வந்தபோது, பயணிகளை இறக்கி நுழைவாயில் அருகே நிறுத்தியிருந்தார்கள். பைகளையும் ஆட்களையும் சோதித்தாயிற்று. நோரீன் உட்கார்ந்திருந்த ஆறாவது வரிசையைப் பணிப்பெண்கள் குடைந்து பார்த்துவிட்டார்கள். வால்வு இல்லை.

பயணிகள் பொறுமை இழந்திருந்தார்கள். ஒருவருக்கு அடுத்த விமானம் போய்விடும். இன்னொருவரின் குழந்தை அழுதுகொண்டிருந்தது. அதே விமானத்தில் ஃபீனிக்ஸ் போக வேண்டியவர்களோ கையில் வரிசை எண்ணோடு எதிரே நின்று முறைத்தார்கள். அந்த மலிவுக் கட்டண விமானத்தில் சீட் நம்பர் கிடையாது. ஏறுவதற்கான வரிசை எண்ணைத்தான் கொடுப்பார்கள். உள்ளே போனதும் எங்கு வேண்டுமானாலும் உட்காரலாம்.

நோரீன் தயங்காமல் ஒருவனைக் காட்டினாள். லாஸரோ கினோனெஸ், வெல்டிங் வேலைக்காரன். கதவு மூடும் நேரத்தில் மூச்சிரைக்க ஓடிவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தவன்.

"நான் ஜன்னலோரம். பை நடு சீட்டுக்கு முன்னாடி அடியில இருந்துச்சு. இவர் காலடியிலன்னே வச்சுக்கங்க," என்றாள். "நான் கண்ணசந்துட்டேன். வேற யாரால முடியும்?"

லாஸரோவின் காது சிவந்தது. "கடைசியா வந்தேங்க. அந்த ஒரு சீட்டுதான் மிச்சம். இல்லாட்டி ரெண்டு பேருக்கு நடுவுல யாரு போயி உட்காருவா?"

பையை யாராவது தொட்டார்களா என்று இமெல்டா கேட்டாள். பை ஒருமுறை தன் காலில் பட்டு விலகியதாகவும், விமானம் ஆடுகிறது என்று நினைத்துவிட்டதாகவும் அவன் சொன்னான். நோரீன் உதட்டைப் பிதுக்கினாள்.

ஐந்தாவது வரிசையில் ஹார்லன் ப்ரூயிட், வெர்னா ப்ரூயிட் என்ற வயதான தம்பதி. வால்வைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் வெர்னாவிடம் வேறொரு புகார் இருந்தது. அவர் ஜன்னலோரமும் இவள் வழியோரமுமாக உட்கார்ந்தால் நடு சீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள், காலை நீட்டிக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. அதையும் ஒருவன் கெடுத்துவிட்டான்.

"அவன் ஏறினப்ப எதிர்ப்பக்கம் மூணு சீட்டும் காலி. பின்னாடி விமானமே காலி. எங்களுக்கு நடுவுலதான் வந்து விழுந்தான். மாத்திரை விழுந்துடுச்சுன்னு ரெண்டு தடவை குனிஞ்சு என் முட்டியில வேற இடிச்சான்."

"விடு வெர்னா, அந்தம்மா திருடனைத் தேடுறாங்க," என்றார் ஹார்லன்.

இமெல்டா அதுவரை நடந்துகொண்டே கேட்டவள், நின்றாள். அந்த நடு சீட்டுக்காரர் கிரேடி வாஸ், நீல கோட்டு, மெதுவான பேச்சு. காப்பீட்டு வேலையாக வந்ததாகச் சொன்னார்.

"வரிசையில எத்தனாவதா நின்னீங்க?"

"முன்னாடிதான். இந்தம்மாவுக்கு அடுத்து," என்று நோரீனைக் காட்டினார்.

"அப்படியும் நடு சீட்டா?"

"சீக்கிரம் இறங்கலாம்னு முன்னாடி உட்கார்ந்தேன்."

"எதிர்ப்பக்கம் வழியோர சீட்டு காலியா இருந்துச்சே. அதுல உட்கார்ந்தா இன்னும் சீக்கிரம் இறங்கலாம்."

"கவனிக்கல மேடம்."

இமெல்டா விமானத்துக்குள் போய், ஐந்தாவது வரிசையில் மண்டியிட்டாள். நடு சீட்டுக்கு அடியில் உயிர்காப்பு அங்கி வைக்கும் பை புடைத்திருந்தது. கையுறை போட்ட கையை உள்ளே விட்டாள். இரும்பு சில்லென்று தட்டுப்பட்டது.

திரும்பி வந்து வால்வைக் காட்டியதும், "இதேதான்," என்றாள் நோரீன்.

"மிஸ்டர் வாஸ், இதை எடுத்தது நீங்க," என்றாள் இமெல்டா. "எல்லாரும் பை யாரோட காலடியில இருந்துச்சுன்னு பார்த்தாங்க. அது யாரோட சீட்டுக்கு அடியில இருந்துச்சுன்னு யாரும் பார்க்கல. குனிஞ்சு கையைப் பின்னால விட்டா ஜிப்பு. எடுத்ததை மேல தூக்கவே வேண்டாம், உங்க சீட்டுக்கு அடியிலேயே திணிச்சுடலாம். உங்களுக்கு அது வேணும்னு இல்ல. கோர்ட்டுக்குப் போய்ச் சேராம இருந்தாப் போதும்."

"அங்க யார் வேணும்னாலும் உட்கார்ந்திருக்கலாம்."

"அதைத்தான் நானும் சொல்றேன். சீட் நம்பர் கொடுக்குற விமானமா இருந்தா, அது கம்ப்யூட்டர் போட்ட இடம்னு விட்டிருப்பேன். இங்க அவங்கவங்க விரும்பி உட்கார்றாங்க. லாஸரோவுக்கு விரும்ப ஒண்ணுமே மிச்சமில்ல. உங்களுக்கு விமானமே காலியா கிடந்துச்சு. அப்படி இருந்தும் ஒரு புருஷன் பெண்டாட்டிக்கு நடுவுல போய் நெருக்கி உட்கார்ந்தீங்க. இவங்க பை அந்த சீட்டுக்கு அடியில போனதைப் பார்த்துட்டுத்தான் உட்கார்ந்தீங்க."

வாஸ் தன் வக்கீலைக் கூப்பிட வேண்டும் என்றார். வாஸ் அந்த லாரிக் கம்பெனிக்காக வேலை பார்ப்பவர் என்பது பிற்பாடு விசாரணையில் தெரிந்தது.

வால்வில் ரேகை எடுத்து, உறையிலிட்டு முத்திரை வைத்தார்கள். அதை ஒரு காவலர் கோர்ட்டுக்குக் கொண்டுபோக ஏற்பாடாயிற்று. நோரீன் லாஸரோவிடம் போனாள்.

"தப்பா சொல்லிட்டேன். மன்னிச்சுடுங்க."

"நூறு பேருக்கு முன்னாடி சொன்னீங்க," என்றான் அவன்.

நோரீன் திரும்பினாள். கலைந்துகொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்து, இவர் திருடவில்லை, நான்தான் தப்பாகக் கை காட்டினேன் என்று உரக்கச் சொன்னாள். சிலர் நின்று கேட்டார்கள். லாஸரோ தலையசைத்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனான்.

விசாரணை தொடங்கும்போது வால்வு மேஜைமேல் இருந்தது. வல்லுநர் விரிசலைக் காட்டி விளக்கினார்; அரசுத் தரப்பு வக்கீலே அதைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுவதாக மாலையில் அவர் சொன்னபோது, ஓடிஸ் ஃபென்னர் சிரிக்கவில்லை. வால்வையே பார்த்துக்கொண்டிருந்தான். மேஜைக்கு அடியில் அவனுடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது.

"நான் மிதிச்சேன் மேடம்," என்றான் நோரீனிடம். "கடைசி வரைக்கும் மிதிச்சுக்கிட்டேதான் இருந்தேன்."