கோட்டில் நின்ற ஆயில்

ஒரு தம்பியின் விலை, பழைய கார் ஒன்றின் கியர் பாக்ஸைச் சோதித்துப் பார்க்கும் கூலி. துணிக்கடைக்காரர் அப்படித்தான் கணக்குப் போட்டு வந்திருந்தார். அந்தக் கூலியிலும் கொஞ்சம் பார்த்துப் போடக் கூடாதா என்று அவர் கேட்டபோதுதான் நாடி தலையை நிமிர்த்தினார்.

வெளியே விடாத மழை. பட்டறையின் தகரக் கூரைக்குக் கீழே பேசுகிறவர்கள் குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

நாடி என்பது ஊர் வைத்த பெயர். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைக் கியர் பாக்ஸின் மேல் ஊன்றி, பிடியில் காதை ஒட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். அந்தப் பக்கத்தில் ஆட்டோமேட்டிக் கியர் பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அது அவருக்கே நன்றாகத் தெரியும். கூலியைக் கேட்டால் வந்தவருக்கும் தெரிந்துவிடும். பட்டறை வாசலில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை போட்டிருப்பவர் அவர் மனைவியின் தம்பி. ஊருக்கே அவர் மச்சான். நாடி நோயைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மச்சான் மருந்தைச் சொல்லிவிடுவார். அந்த மருந்து தவறாமல் மச்சானின் அலமாரியிலேயே இருக்கும்.

துணிக்கடைக்காரர் கொண்டுவந்த விஷயம் இது. போன மாதம் ஒரு மதியம் அவருடைய அப்பாவுக்கு நெஞ்சுவலி. தம்பி அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டான். மேம்பாலத்தின் ஏற்றத்தில் பாதி போனதும் எஞ்சின் அலறியது, கார் நகரவில்லை. பின்னால் வந்தவர்கள் ஹாரனை அமுக்க, தம்பி இறங்கித் தள்ளியும் பார்த்தான். ஆள் பிடித்து வேறு வண்டிக்கு மாற்றுவதற்குள் அப்பா போய்விட்டார். அதற்குச் சில வாரம் முன்னால் காரைக் கொண்டுபோய்க் கியர் ஆயில் மாற்றிக்கொண்டு வந்தவன் அந்தத் தம்பிதான். தெரிந்த மெக்கானிக், விலை மலிவு என்று யாரிடமோ விட்டிருக்கிறான்.

"அவன் கொன்னுட்டான்னு நான் சொல்லல," என்றார் துணிக்கடைக்காரர். "கார்ல என்ன பழுது, யாரால வந்துச்சுன்னு நீங்க ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுங்க. அதைக் காட்டினா கடையில இருந்து விலகிக்கிறேன்னு கையெழுத்துப் போட்டுடுவான். தினமும் அவன் மூஞ்சியில முழிச்சு, அப்பா ஞாபகம் வந்து... என்னால முடியலங்க."

கடைசி வார்த்தைகளை அவர் வியாபாரக் குரலில் சொல்லவில்லை.

மேம்பாலத்தைத் தவிர்த்து, சமமான சாலைகளாகப் பார்த்துச் சுற்றி மெல்ல ஓட்டி வந்திருந்தார் காரை. வழியில் ஒரு தொந்தரவும் இல்லையாம். நாடி சாவியைத் திருப்பி, எஞ்சினை ஓடவிட்டுக் கீழே இறங்கினார். காதைக் கொண்டுபோவதற்குள் துணிக்கடைக்காரரின் கை ஜன்னல் வழியாக உள்ளே போய் எஞ்சினை அணைத்துவிட்டது.

"பேசுற நேரத்துக்கு எதுக்குங்க சும்மா ஓடணும்? பெட்ரோல் என்ன மழையிலயா கொட்டுது?"

மச்சான் குறுக்கே வந்தார். "பாக்ஸையே மாத்தணும் அத்தான். நம்மகிட்ட நல்ல செகண்ட் ஹேண்ட் ஒண்ணு இருக்கு."

"அது எந்தக் கார்ல செத்துட்டு வந்துச்சுன்னு முதல்ல சொல்லு," என்றபடி நாடி விளக்கோடு காருக்கு அடியில் நுழைந்தார்.

கியர் பாக்ஸின் அடித்தட்டு, ரேடியேட்டருக்குப் போகும் குழாய்கள், சக்கரத்துக்குப் போகும் தண்டுகளின் வாய் எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார்த்தார். எங்கும் உலர்ந்த தூசிதான். ஒழுகியிருந்தால் தூசி எண்ணெயைக் குடித்துக் கறுப்பாக அப்பிக்கொண்டிருக்கும். இங்கே ஊதினால் பறந்தது.

"ஒழுகல," என்றார் வெளியே வந்து.

"எப்படி ஒழுகும்? அளவு குறையவே இல்லையே," என்று துணிக்கடைக்காரர் பானெட்டைத் தானே தூக்கினார். கியர் ஆயிலின் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, துணியின் கரையைக் காட்டுவதுபோல் நீட்டினார். "பாருங்க, கோட்டுல வச்ச மாதிரி நிக்குது. அளவு சரி, சரக்குதான் மட்டம். கண்ட ஆயிலை ஊத்திட்டு வந்திருக்கான்."

நாடி அந்தக் கம்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஆயில் மேல் கோட்டில், ஒரு மயிரிழை கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல் நின்றது. முகர்ந்து பார்த்தார். புதிதில் சிவப்பாக இருக்கும் அந்த ஆயில் பழுப்பாகி, கருகிய வாடை அடித்தது. காரை விட்டுப் போகும்படியும், நாளைக்குத் தானே கடைக்கு வந்து சொல்வதாகவும் சொல்லி அவரை அனுப்பிவைத்தார்.

துணிக்கடைக்காரர் போனதும் மச்சானை ஏற்றிக்கொண்டு நாடி கொஞ்ச நேரம் ஊரைச் சுற்றினார். எஞ்சின் நன்றாகச் சூடானதும் காரை மேம்பாலத்துக்கு விட்டார். பாதி ஏற்றத்தில் எஞ்சின் அலற, கார் சோர்ந்து நின்றது. நாடி எஞ்சினை அணைத்து, கைபிரேக்கைப் பிடித்தபடி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் டாஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். சற்றுப் பொறுத்து மறுபடி ஓடவிட்டபோது கார் கொஞ்சம் இழுத்தது, பிறகு மறுபடியும் கைவிட்டது. அந்த இடத்தில்தான் ஒரு பெரியவர் பின் சீட்டில் இறந்துபோனார் என்று மச்சானுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மெல்லப் பின்னால் உருட்டி இறங்கிப் பட்டறைக்கு வந்ததும், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே நாடி டிப்ஸ்டிக்கை உருவினார். நுனி உலர்ந்திருந்தது.

"காலையில கோட்டுல இருந்துச்சு, இப்ப ஒண்ணும் இல்லையா?" என்றார் மச்சான். "கம்பி பொய் சொல்லுது அத்தான். புதுசு ஒண்ணு..."

"கம்பி பொய் சொல்லாது. எப்பக் கேட்கிறோம்ங்கிறதைப் பொறுத்துச் சொல்லும். ஆயில் கம்மியா இருக்கு."

"அப்ப அந்த மலிவு மெக்கானிக்தான் குறைச்சு ஊத்திட்டான்."

"ஊத்தியிருக்கலாம். அப்படின்னா தம்பி மாட்டினான்," என்றார் நாடி.

மறுநாள் காலையில் அவர்கள் போனபோதும் மழை விடவில்லை. பக்கத்துக் கடைக்காரர்கள் ஷட்டரைக் கிரீச்சிட வைத்து, திட்டிக்கொண்டே தூக்கிக்கொண்டிருந்தார்கள். துணிக்கடையின் ஷட்டர் மட்டும் முதலாளியின் ஒரு கைக்குச் சத்தமில்லாமல் ஏறியது. அவர் உள்ளே போனதும் நாடி ஷட்டரின் ஓரப்பள்ளத்தில் விரலை விட்டு, கைக்குட்டையில் துடைத்தார். கைக்குட்டையில் நல்ல சிவப்பு. மச்சான் வாயைத் திறந்தார். நாடி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

தம்பி பின்கட்டில், பிரிக்காத துணி மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தான். ஒரு மாதத் தாடி. கேட்டதற்கெல்லாம் ஒளிவுமறைவில்லாமல் பதில் சொன்னான். ஆயில் மாற்றிய அன்று அந்த மெக்கானிக் எஞ்சினை ஓடவிட்டே ஊற்றினானாம். சூடாகட்டும் என்று காக்கவைத்து, ஓடும்போதே கம்பியைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் ஊற்றினானாம். இவ்வளவு நேரம் பெட்ரோல் வீணாவதை அண்ணன் பார்த்தால் என்ன சொல்வாரோ என்று தான் தவித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னான்.

"பேப்பரெல்லாம் வேண்டாங்க. எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லுங்க, போட்டுடறேன்," என்றான். "ஓட்டிட்டுப் போனது நான்தானே."

நாடி அவனைக் கல்லாவுக்கு அழைத்து வந்தார். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மழைக்கு வாடிக்கையாளர் யாரும் இல்லை.

"ஒண்ணே ஒண்ணு கேட்கணும். தம்பி ஆயில் மாத்திட்டு வந்ததும் நீங்க சரிபார்த்தீங்களா?"

"பார்க்காம விடுவேனா? அன்னைக்கு ராத்திரியே பார்த்தேன். கோட்டுக்கு மேல ஏறி நின்னுச்சு. தேவைக்கு மேல ஊத்தி, அதுக்கும் சேர்த்துக் காசு வாங்கியிருக்கான் அந்த ஆள். குழாயை விட்டு உறிஞ்சி எடுத்துட்டேன். கரெக்டா கோட்டுல கொண்டுவந்து நிறுத்தினேன்." சொல்லும்போது, அந்த மாதத்தில் முதல்முறையாக இருக்கும், முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. "அப்பா பக்கத்துல நின்னு பார்த்தார். உன்னை யாரும் ஏமாத்த முடியாதுடான்னார்."

"எடுத்த ஆயில்?"

"நல்ல ஆயிலைக் கொட்டவா முடியும்? ஷட்டருக்குப் போட்டேன்."

"நீங்க பார்த்தப்ப எஞ்சின் ஓடிச்சா?"

"ஆயில் பார்க்கிறதுக்கு எஞ்சின் எதுக்குங்க ஓடணும்? எஞ்சின் ஆயிலை அணைச்சுட்டுத்தானே பார்க்கிறோம்?"

மச்சான் அலமாரியில் அடுக்கியிருந்த துணிகளை எண்ண ஆரம்பித்தார். நாடி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எஞ்சின் ஆயிலை அப்படித்தான் பார்க்கணும். இந்தக் காரோட கியர் ஆயில் வேற ரகம். உங்க கடையை வச்சே சொல்றேன். வியாபாரம் நடக்கிறப்ப பாதித் துணி மேசையில பிரிஞ்சு கிடக்கும். கடை சாத்தினா எல்லாம் மடிஞ்சு அலமாரிக்கு வந்துடும். எஞ்சின் ஓடுறப்ப ஆயில் பாக்ஸ் பூரா பரவி வேலை செய்யும், அணைச்சா கீழ வந்து சேரும். சாத்தின கடையில அலமாரியைப் பார்த்துட்டு, சரக்கு மிஞ்சிப்போச்சுன்னு வாரி வெளிய போட்டா, மறுநாள் ஆள் வர்றப்ப மேசையில எதை விரிப்பீங்க?"

துணிக்கடைக்காரரின் பார்வை அலமாரிப் பக்கம் போனது.

"நேத்து கம்பியைக் காட்டினீங்களே, அப்பவே சந்தேகம்," என்று நாடி அதே குரலில் தொடர்ந்தார். "ஒழுகிக் குறையுற ஆயிலுக்குக் கோடு தெரியாது, எங்கயாவது நிக்கும். அணைச்ச கார்ல அவ்வளவு சுத்தமாக் கோட்டுல நின்னா, அணைச்சுட்டுப் பார்க்கிற ஒரு ஆள் கொண்டுவந்து நிறுத்தியிருக்கணும். நீங்க என் கண்ணு முன்னாலயே எஞ்சினை அணைச்சீங்க. அந்த மெக்கானிக் ஓடவிட்டுப் பார்க்கிற ஆளுன்னு தம்பி சொல்றார். அதுவும் போதாதுன்னா, சிவப்பு ஆயில் இந்த மாதிரி கியருக்குத்தான் வரும், ஷட்டருக்கு யாரும் வாங்க மாட்டாங்க." கைக்குட்டையைக் கல்லா மேல் வைத்தார். "சமமான ரோட்டுல மிச்ச ஆயிலை வச்சு ஓடிடும். ஏத்தத்துல ஆயில் பின்னால சாஞ்சுடும், பம்புக்குக் காத்துதான் கிடைக்கும். அழுத்தம் இல்லன்னா உள்ள இருக்கிற பிளேட் பிடிக்காது, வழுக்கும். எஞ்சின் கத்தும், கார் நிக்கும். தம்பியோட மெக்கானிக் சரியாத்தான் ஊத்தியிருக்கான்."

கைக்குட்டையைப் பார்த்தபடியே துணிக்கடைக்காரர் கேட்டார். "அதை எடுக்காம விட்டிருந்தா... ஏறியிருக்குமா?"

"ஏறியிருக்கும்."

"அப்பா பிழைச்சிருப்பாரா?"

"அது எனக்குத் தெரியாது. கார் ஏறியிருக்கும். அவ்வளவுதான் நான் சொல்ல முடியும்."

தம்பி முதல்முறையாக அண்ணனைப் பார்த்துப் பேசினான். "நடுவுல ஒரு தடவை இழுத்துச்சுண்ணே. அணைச்சுட்டுப் போட்டதும் கொஞ்ச தூரம் ஏறிச்சு. அணைக்கச் சொன்னதே அப்பாதான். சும்மா அலற விடாதடா, பெட்ரோல் போகுதுன்னார். அப்புறம் ஒண்ணும் பேசல."

யாரும் சிரிக்கவில்லை. அது அந்த வீட்டு ஆண்கள் தலைமுறையாகச் சொல்லும் வார்த்தை என்பதால் அண்ணன் அதைச் சந்தேகப்படவும் இல்லை. கல்லாவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். தம்பி அவரைத் தூக்கவில்லை. பக்கத்தில் உட்காரவும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் குடை எடுக்காமல் வெளியே நடந்தான்.

எழுதித் தரச் சொன்ன பேப்பரை யாரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு கடை பிரிந்தது. சண்டையில்லை, சத்தமில்லை, இருந்திருந்தால் தேவலை என்று பக்கத்துக் கடைக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். எதில் எவ்வளவு வேண்டும் என்று தம்பி கேட்கவே இல்லையாம். அண்ணனே எல்லாவற்றையும் சரிபாதியாக வகுத்துக் கொடுத்தாராம். தம்பி தன் பாதியோடு அம்மாவையும் அழைத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டான். பட்டியலில் காரை இரண்டு பேருமே சேர்க்கவில்லை.

கார் பட்டறையின் பின்பக்கம் நிற்கிறது. யார் பேரில் கணக்கு எழுத என்று மச்சான் கேட்டார். ரெண்டு பேர் பேரையும் போடு என்றார் நாடி. பார்த்த கூலி ஒரு வரி. மேம்பாலம் ஏறப்போன பெட்ரோல் ஒரு வரி. நிற்கும் இடத்துக்கு வாடகை, மாதம் ஒரு வரி. வரவு ஒன்றும் இல்லை. பாக்கி, முழுவதும்.