சூடு ஆறாத இன்ஜின்

ஈரத்துணிக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஷெட்டுக்குள் போனவள், கொடியை எட்டுவதற்காக இன்ஜினின் மேல் ஒரு கையை ஊன்றினாள். சூடாக இருந்தது.

கையைச் சுடுகிற சூடு இல்லை. யாரோ இப்போதுதான் எழுந்து போன நாற்காலியில் இருக்குமே, அந்த மாதிரி. கையை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தாள். காலை வெயில் அந்தப் பக்கம் வருவதில்லை. தகரக் கூரைகூட இன்னும் ஜில்லென்றுதான் இருந்தது. டீசல் இன்ஜின் இரண்டு பழைய டயர்களின் மேல் உட்கார்ந்திருந்தது. அதற்கு டேங்க் இல்லை, பேட்டரி இல்லை. எங்கேயும் போய்ச் சேராத குழாய்கள் வாய் திறந்து தொங்கின. பக்கத்தில் பானெட் கழற்றிய ஜீப், வயிறு காலியாக நின்றது. அதிலிருந்து இறக்கிய பெட்ரோல் இன்ஜின் மூலையில் சாக்கு போர்த்திக் கிடந்தது. அதையும் தொட்டாள். கல் மாதிரி குளிர்ந்திருந்தது.

உள்ளே போய்ப் புருஷனை எழுப்பினாள்.

"இன்ஜினை ஓட்டிப் பார்த்தீங்களா?"

"எதை வச்சு ஓட்டுறது? டேங்க்கே இன்னும் மாட்டலை."

"சூடா இருக்கு."

"மருந்துக்கடைக்காரிக்கு எதைத் தொட்டாலும் காய்ச்சல்தான்."

அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். அவன் அப்படித்தான் கேலி செய்வான், செய்துவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பான். இன்று பார்க்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஜீப்பில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போய்வருவது அவன் பிழைப்பு. பாதை என்று பேர்தானே தவிர, பாறையும் சேறும்தான். பழைய இன்ஜின் முதல் ஏற்றத்திலேயே திணறும். டீசல் அப்படியில்லை, மெதுவாகப் போனாலும் இழுவை விடாது என்று அவன் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தான். கடைசியில் ஒருநாள் சின்ன லாரியில் இதைக் கொண்டுவந்து இறக்கினான். எங்கே கிடைத்தது என்று கேட்டதற்கு, வண்டி உடைக்கும் யார்டில் என்றான். இன்னொரு நாள், ஏதோ படகில் இருந்தது என்றான். அவன் கூட்டாளி வெல்டர், கிணற்று பம்பில் ஓடியது என்றார். மூன்றும் உண்மையாக இருக்க முடியாது.

அவள் சண்டை போடவில்லை. கவனிக்க ஆரம்பித்தாள்.

அவன் ஷெட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து ஆயில் குச்சியை உருவினாள். அவன் ஊற்றியது தேன் நிறத்தில் இருந்த புது ஆயில். டின்னைப் பிடித்துக்கொண்டவளே அவள்தான். இப்போது குச்சியிலிருந்து கறுப்பாகச் சொட்டியது. டீசல் இன்ஜின் ஓடினால்தான் ஆயில் கறுக்கும், சும்மா கிடந்தால் கறுக்காது. இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனும் அவன்தான்.

அப்படியானால் யாரோ ஓட்டுகிறார்கள். அவன், அல்லது வெல்டர், அல்லது இரண்டு பேரும் சேர்ந்து. அவளுக்குத் தெரியக்கூடாத என்னவோ ஒன்று.

அன்று சாயங்காலம் ஷெட்டைப் பூட்டி, சாவியைத் தன் வேலைப்பையில் போட்டுக்கொண்டாள். அவன் சீக்கிரமே படுத்துவிட்டான். அவன் பாதம் அவள் காலில் பட்டபோது ஈரத் துணி பட்டதுபோல் இருந்தது. பதறிப்போய் விளக்கைப் போட்டு, தெர்மாமீட்டரை அவன் அக்குளில் வைத்தாள். தொண்ணூற்று நான்கு. உதறிவிட்டு மறுபடி வைத்தாள். அதேதான்.

விடிந்ததும் பூட்டைத் திறந்தாள். பூட்டை யாரும் தொட்டிருக்கவில்லை. இன்ஜின் நேற்றைவிடச் சூடாக இருந்தது. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் தெர்மாமீட்டரை அதன் பக்கவாட்டில் ஒட்டவைத்தாள். பாதரசம் ஏறி, ஆரோக்கியமான மனிதனுக்கு நிற்கவேண்டிய இடத்தில் நின்றது.

குனிந்திருந்தபோதுதான் வாடை வந்தது. டீசல் வாடை இல்லை. இன்ஜின் காற்றை இழுத்துக்கொள்ளும் அந்த அகலமான வாயிலிருந்து, தூங்கி எழுந்த மனிதனின் வாய் வாடை. அவள் நன்றாக அறிந்த வாடை. தினமும் காலையில் தலையணைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவது.

அவன் இளைத்துக்கொண்டே போனான். வாசல்படி ஏறியதும் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் விடாமல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, நுரையீரலில் ஒன்றுமே இல்லை, புகையில் நிற்காதே என்றார்.

வீடு திரும்பும் வழியில் அவள் சொன்னாள்: "எனக்கு ஜீப்பும் வேணாம், மலையும் வேணாம். நீங்க முழுசா இருந்தாப் போதும். அதை வித்துடுங்க."

"வண்டில ஏத்திட்டா சரியாயிடும்."

"எது சரியாயிடும்?"

அவனுக்கு மூச்சு வாங்கியது.

ஞாயிற்றுக்கிழமை வெல்டர் வந்தார். எப்போதும் கறுப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்திருக்கும் பெருத்த மனிதர். செயின் பிளாக்கை உத்தரத்தில் மாட்டி இன்ஜினைத் தூக்கி, ஜீப்பின் வயிற்றுக்குள் இறக்கினார்கள். கியர்பாக்ஸோடு அதைச் சேர்க்கும் இரும்புத் தகடு ஒரே தடவையில் பொருந்தியது. வெல்டர் முகத்தைச் சுளித்தார்.

"இப்படிப் பொருந்தாதே. ஒரு நாளாவது படுத்துமே."

"அதுக்கும் வீட்டுக்கு வர ஆசைதான்," என்றான் அவன். பெஞ்சில் உட்கார்ந்தபடியே ஸ்பேனர் எடுத்துக்கொடுத்தான். எழுந்து நிற்க அவனால் முடியவில்லை.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. அவன் பெஞ்சிலேயே கண்ணை மூடிச் சாய்ந்துவிட்டான். டீ கொண்டுவந்தவள் வெல்டரிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அண்ணா, உண்மையைச் சொல்லுங்க. யாருக்கும் தெரியாம ரெண்டு பேரும் இதை ஓட்டுறீங்களா?"

"நானா? நல்லா இருக்கே தங்கச்சி! வீட்ல கேஸ் சிலிண்டர் திறக்கவே என் பொண்டாட்டி என்னை விடமாட்டா." சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து டம்ளரைக் கீழே வைத்தார். "அந்த யார்டுல ஓடினதோட சரி. அதுகூட லேசுல ஓடலை. செத்த மாடு மாதிரி கிடந்துச்சு, எல்லாரும் கையை விரிச்சுட்டோம். உன் புருஷன்தான் குனிஞ்சு வாயால ஊதினான். நீ சக்களத்தின்னு சந்தேகப்படணும் தங்கச்சி, அப்படி ஒரு முத்தம்."

"டீசல் குழாயிலதானே? அடைப்பு எடுக்க அதுல ஊதுவீங்களே."

"அதைத்தான் நானும் சொன்னேன், குழாயில ஊதுடான்னு. இவன் காத்து போற வாயில வாயை வச்சுட்டான். அதுல யாரும் ஊதமாட்டாங்க. ஊதினான்... ஒரு இருமல். அப்புறம் ஓடிச்சு."

"யாருக்கு இருமல்? இவருக்கா?"

வெல்டர் யோசித்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது.

"இவனுக்கு இல்லை," என்றார்.

அப்போது இன்ஜின் இருமியது.

ஒரு தடவை. பிறகு இன்னொரு தடவை. ஃபேன் பிளேடு மெல்ல அசைந்தது. ஷெட்டுக்குள் மூன்று பேருமே அதற்கு எட்டாத தூரத்தில் இருந்தார்கள். பேட்டரி இன்னும் அட்டைப்பெட்டிக்குள் இருந்தது.

பிறகு அது கிளம்பியது.

சத்தம் தகரத்தில் மோதி எல்லாப் பக்கமும் நிரம்பியது. கரும்புகை தரையோடு பரவியது. சத்தம் ஏறிக்கொண்டே போனது. ஜீப் நடுங்கியது. உத்தரத்தில் சங்கிலி ஆடியது.

"சொந்த ஆயிலைக் குடிச்சு ஓடுது!" வெல்டர் கத்தினார். "இதைச் சாவியால நிறுத்த முடியாது. காத்தை அடைக்கணும்! பலகை எடு, பலகை! கையை வச்சுடாதே!"

அவர் அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே ஓடினார். அவள் பெஞ்சின் மேல் கிடந்த பலகையை எடுத்து அந்த வாயின் மேல் அழுத்தினாள். பலகை வெடுக்கென்று ஒட்டிக்கொண்டது. சத்தம் திணறியது. தாழ்ந்தது.

"அப்படித்தான்! விடாதே!"

அவள் திரும்பிப் பார்த்தாள். வாசலுக்கு வெளியே, மழையில், மண்ணில் கிடந்தவன் இரண்டு கைகளாலும் தொண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தான். வாய் திறந்திருந்தது. மார்பு எழவில்லை. கால்கள் சேற்றை உதைத்தன.

புகைதான், என்று நினைத்தாள். ஆனால் அவன் புகையில் இல்லை.

பலகையைப் பிய்த்து எடுத்தாள்.

இன்ஜின் அலறியது. அவன் மார்பு தூக்கிப் போட்டது. நாய் மாதிரி மூச்சிரைத்தான்.

மூடினாள். அவன் முகம் நீலமானது.

எடுத்தாள்.

இன்னொரு தடவை செய்து பார்க்க வேண்டியதில்லை. ஆனாலும் செய்தாள். பிறகு பலகையைப் பாதி சாய்த்துப் பிடித்தாள். கொஞ்சம் முன்னே. கொஞ்சம் பின்னே. ஓர் இடத்தில் சத்தம் அடங்கியது. டக், டக், டக். சீராக. அவன் கைகள் தொண்டையிலிருந்து நழுவின. மார்பு ஏறியது. இறங்கியது. அதே கணக்கில்.

"ஏன் பாதில நிறுத்துறே? முழுசா மூடு!" வெல்டர் உள்ளே ஓடிவந்தார். "ஆயில் தீர்ந்தா இறுகிப்போய் தானா நின்னுடும். அதுக்குள்ள..."

"நிக்கக்கூடாது."

"என்ன?"

"அண்ணா, ஆயில் ஊத்துங்க."

"பைத்தியமா உனக்கு?"

அவள் பலகையை ஒரு விரல்கடை அளவு அழுத்தினாள். வாசலைக் கண்ணால் காட்டினாள். வெல்டர் திரும்பிப் பார்த்தார். அவள் பலகையைத் தளர்த்தினாள். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். நெற்றியிலிருந்த கண்ணாடி நழுவி விழுந்தது. எடுக்கவில்லை.

டின்னின் மூடியைத் திருகும்போது அவர் கை வழுக்கியது. ஆயில் உள்ளே இறங்கியது. தேன் நிறத்தில். டக், டக், டக்.

டின் பாதி காலியானது. வேறு டின் இல்லை.

அவள் தோள் மரத்துவிட்டது. பலகை நடுங்கத் தொடங்கியது. வெளியே மழை அவன் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவன் நிம்மதியாகத் தூங்குவதுபோல் இருந்தான். ஒவ்வொரு தடவை மார்பு இறங்கும்போதும், திறந்திருந்த வாயிலிருந்து கொஞ்சமாக, மெல்ல, கரும்புகை வந்தது.