இன்னும் கீழே

அவள் வாசிப்பதை நிறுத்திய பிறகும் அப்பாவின் கால் கட்டைவிரல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

கட்டில் விளிம்பில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். வெறுங்கால் இரண்டும் சிமெண்டுத் தரையில் பதிந்திருந்தன. பேஸ் கிட்டாரின் நான்கு கம்பிகளையும் அவள் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தாள். ஒலிபெருக்கிப் பெட்டியான ஆம்பில் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது, மின்விசிறி கிறீச்சிட்டபடி சுற்றியது, பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரத்தைப் போட்டு உருட்டினார்கள். இவர் விரல் மட்டும் தூக்கித் தூக்கித் தரையைத் தட்டியது. அவள் வாசித்த தாளம் இல்லை அது. அதைவிட மெதுவாக, இடையில் நின்று, எதற்கோ காத்திருந்து, மறுபடி.

தோளைத் தொட்டதும் கண் திறந்தார்.

"நிறுத்திட்டியா?" என்று கேட்டார், தெருவுக்கே கேட்கும் குரலில். அவர் குரல் அவருக்கே கேட்காமல் போய் வருடங்கள் ஆகின்றன.

அவள் தலையசைத்தாள். ஒன்பது மணி நேரம் யார் யாருடைய காப்பீட்டு மனுக்களையோ காரணம் எழுதி நிராகரித்துவிட்டு வந்தவளுக்கு, ஒரு கிழவரின் கால்விரலைப் பற்றி யோசிக்கத் தெம்பில்லை. வயரைச் சுருட்டி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

அப்பா இருபத்திரண்டு வருடம் பெயிண்ட் ஆலையில் கலவை எந்திரத்தின் பக்கத்தில் நின்றவர். காது ஒரே நாளில் போகவில்லை, தவணை முறையில் போனது. முதலில் மெல்லிய சத்தங்கள். குருவி, தொலைபேசி மணி, அப்புறம் பெண் குரல்கள். அவள் கல்லூரியில் முதல் வகுப்பில் தேறிவிட்டேன் என்று வந்து சொன்னபோது அவர் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டார். அந்த வீட்டில் அதற்கு முன் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அந்தச் செய்தியையாவது அவர் காதால் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆலை தின்றுவிட்டது.

கனத்த சத்தம் மட்டும் மிச்சமிருந்தது. லாரி போனால் தெரியும். அதுவும் காதால் இல்லை, பாதத்தால், எலும்பால். அதனால்தான் பேஸ் வாங்கினாள், செகண்ட் ஹேண்டில், ஒரு பாட்டுகூட வாசிக்கத் தெரியாமல். தன்னுடையது என்று ஒரே ஒரு சத்தம் அப்பாவுக்குக் கேட்க வேண்டும். வேறு எந்த ஆசையும் அவளிடம் மிச்சமில்லை.

ஆனால் அவள் கையில் பேஸ் தகர டப்பா மாதிரிக் கத்தியது. அலுவலகத்தில் எதிர் சீட்டு அக்கா ஏதோ குழுவில் டிரம்ஸ் வாசிப்பவள், போனில் பதிவு செய்து கொண்டுபோனதைக் கேட்டுவிட்டு, "என்னடி இது, கொசு அழுவுற மாதிரி இருக்கு?" என்றாள். பிறகு மனசு இறங்கி ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். டோன் குமிழை முழுசாகக் குறைக்கச் சொன்னாள். விரல் நுனியால் பிராண்டாமல் கட்டைவிரலின் சதையால் கம்பியைத் தள்ளச் சொன்னாள், அதுவும் கழுத்துப் பக்கமாக வந்து. கம்பிகள் முடியும் இடத்தில், அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் செருகச் சொன்னாள். புதுக் கம்பி மாட்டிவிடாதே, பழசுதான் கனமாகப் பேசும் என்றாள்.

ஒவ்வொன்றுக்கும் சத்தம் ஒரு படி இறங்கியது. ஒவ்வொரு முறையும் அப்பா உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னார்.

"இன்னும் கீழே."

கடைசியில் வழி காட்டியது அந்த வீடுதான். கட்டியவன் எவனோ கஞ்சன். இடம் பத்தாமல் தண்ணீர்த் தொட்டியை முன்னறையின் தரைக்கு அடியிலேயே தோண்டியிருந்தான். அறை நடுவில் சதுரமாக ஓர் இரும்பு மூடி. அதன் மேல் பாயைப் போட்டு மறைத்து வைத்திருந்தார்கள். ஒருநாள் பெருக்குவதற்காக ஆம்பை நகர்த்தியவள் சோம்பலில் அதை மூடியின் மேலேயே விட்டுவிட்டு வாசித்தாள்.

முதல் தட்டலில் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. அடியிலிருந்த வெற்றிடம் ஒலியை வாங்கி, உருட்டி, பெரிதாக்கித் திருப்பித் தந்தது. உள்ளறையில் படுத்திருந்த அப்பா எழுந்து வாசற்படியில் வந்து நின்றார். நெஞ்சில் கை வைத்திருந்தார்.

"கேக்குது பாப்பா," என்றார். அன்றைக்கு அவர் குரல்கூடத் தணிந்து வந்தது.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு டோன் குமிழைத் துடைத்தாள்.

அதிலிருந்து ஆம்புக்கு அதுதான் இடம். அதிலிருந்துதான் அந்தக் கால்விரலும்.

அவர் காத்திருக்கத் தொடங்கினார். அவள் அலுவலகத்தில் இருக்கும்போதும் மூடியின் ஓரமாக உட்கார்ந்து கையைத் தரையில் வைத்திருப்பார் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். கேட்டால் மழுப்பினார். ஒரு மாலை அவளாகவே காலண்டர் தாளின் பின்புறத்தில் கொட்டை எழுத்தில் எழுதிக் காட்டினாள்: நான் இல்லாதபோது என்ன கேட்கிறது?

வெகுநேரம் படித்தார்.

"நீ நிறுத்தினப்புறம் அவன் ஆரம்பிக்கிறான்," என்றார். "நெட்டை."

அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, கோபம்தான். வேலையை விட்டு ஆறு வருடமாகியும் அந்த ஆலை இந்த மனிதரை விடவில்லையே என்ற கோபம்.

நெட்டை என்பவர் அப்பாவோடு வேலை பார்த்தவர். ஆலைச் சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது என்பதால் அங்கே எல்லாம் தட்டல்தான். இரும்புத் தகட்டில் ஒன்று தட்டினால் நிறுத்து. இரண்டு, பொறு. மூன்று, நான் வெளியே வந்துவிட்டேன், ஓட்டு. சுவருக்கு அந்தப் பக்கம் சுவிட்சில் நிற்கும் அப்பா அதைப் பாதத்தால் வாங்கிக்கொள்வார். அன்றைக்கு நெட்டை எந்திரத்துக்குள் இறங்கிச் சுரண்டிக்கொண்டிருந்தார். மூன்று வந்தது. அப்பா ஓட்டினார். நெட்டை வெளியே வந்திருக்கவில்லை.

விசாரணை அறிக்கை ஆங்கிலத்தில் வந்தது. வீட்டில் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். இயக்குபவரின் செவித்திறன் குறைபாடே விபத்துக்குக் காரணம் என்ற வரியை அப்பாவுக்கு எழுதிக் காட்டியதும் அவள்தான். காதைப் பிடுங்கிக்கொண்டவர்களே காது இல்லை என்று எழுதியிருந்தார்கள். அப்பா அழவில்லை, சண்டைக்கும் போகவில்லை. ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "மூணு வந்துச்சு பாப்பா. என் கால் பொய் சொல்லாது."

வீட்டிலும் அந்த வழக்கத்தை அவர் விடவில்லை. மாதம் ஒருமுறை அவள் தொட்டிக்குள் இறங்கித் தேய்ப்பாள். பின்கட்டில், அவள் இருக்குமிடம் தெரியாத மூலையில், அவர் வால்வைப் பிடித்தபடி நிற்பார். அவள் வெளியே வந்து மூடியைப் போட்டு மூன்று முறை மிதிப்பாள். அப்புறம்தான் தெருக்குழாய்த் தண்ணீரைத் தொட்டிக்குள் திறந்துவிடுவார். மூன்று வராமல் திறக்கவே மாட்டார். வேறு எப்படியாவது வைத்துக்கொள்ளலாம் என்று அவள் எழுதிக் காட்டியபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்து, மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நம்பவில்லை என்று அவள் சொன்னதாக ஆகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். வெயில் ஜன்னல் வழியாகக் கால்வாசி அறைக்கு வந்திருந்தது. காலையிலேயே தொட்டி வற்றிவிட்டது. மூடியைத் திறக்குமுன் ஒரே ஒருமுறை வாசித்துப் பார்த்தாள். தண்ணீர் இல்லாத தொட்டியின் மேல் ஒலி இன்னும் ஆழத்துக்குப் போனது. ஆனாலும் விளிம்பில் ஏதோ ஒரு சலசலப்பு, கத்துக்குட்டிக் கையின் சலசலப்பு, போகவில்லை. அப்பா சுவரில் கை வைத்துக் கேட்டார்.

"இன்னும் கொஞ்சம்தான்," என்றார்.

கிட்டாரை நாற்காலியில் சாய்த்தாள். ஆம்பை அதன் சக்கரத்தில் உருட்டி ஓரம் தள்ளினாள், அணைக்க மறந்து. இரண்டு பேருமாக மூடியைத் தூக்கிப் பக்கத்தில் இழுத்துப் போட்டபோது அதன் அடிப்பக்கம் தெரிந்தது. எங்கும் துரு. மூன்று இடத்தில் மட்டும் துரு உதிர்ந்து, வட்டமாக, கைமுட்டி அளவுக்கு, இரும்பு பளிச்சென்றிருந்தது. போன மாதம் அது இல்லை. அதிர்வில் உதிர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அப்பா பின்கட்டுக்குப் போனார்.

உள்ளே குளிர்ந்திருந்தது. பாசி வாடை, இரும்பு வாடை, எப்போதோ செத்த பல்லியின் வாடை. போன் வெளிச்சத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுத் தேய்க்கத் தொடங்கினாள். பிரஷ்ஷின் சத்தம் நான்கு சுவரிலும் மோதி, ஒரு நொடி தாமதித்து, வேறு யாரோ தேய்ப்பதுபோல் திரும்பி வந்தது. அவள் நிறுத்தினால் அதுவும் நின்றது. கொஞ்சம் பிந்தி.

தோள் வலித்தது. நாளைக்குத் திங்கட்கிழமை என்ற நினைப்பே அதைவிட வலித்தது.

அப்போது மேலே பேஸ் ஒலித்தது.

மிகத் தடித்த கம்பி. ஒரே ஒரு சுரம். கட்டைவிரலின் சதையால், அவசரமில்லாமல் தள்ளிய சத்தம். சலசலப்பு இல்லை. விளிம்பு இல்லை. ஐந்து மாதமாக அவள் தேடிய ஆழம், அப்படியே. தொட்டியின் காற்று மொத்தமும் ஒருமுறை உப்பி அடங்கியது.

அப்பா விளையாடுகிறார் என்று நினைத்தாள். இரண்டாவது சுரம் அதிர்ந்துகொண்டிருக்கும்போதே தொட்டி வாயில் அப்பாவின் பாதங்கள் வந்து நின்றன. கை இரண்டும் காலியாக இருந்தன. அவர் கீழே பார்க்கவில்லை. நாற்காலி இருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பட்டம் வாங்கிய நாளில்கூட அந்த முகத்தில் அப்படி ஒரு நிறைவு இருந்ததில்லை.

"அப்படித்தான் பாப்பா," என்றார் நாற்காலியிடம். "இப்பத்தான் சரியா இருக்கு."

பிறகு, திறந்து கிடந்தால் பிள்ளை இடறி விழும் என்பதுபோல, மூடியை இழுத்தார்.

அவள் கத்தினாள். அப்பா என்றுதான் கத்தினாள். மெல்லிய குரல். அவர் காது முதல் தவணையிலேயே விட்டுவிட்ட குரல்.

வெளிச்சம் கோடானது. கோடும் போயிற்று.

மேலே சக்கரம் உருண்டது. ஆம்ப் தன் இடத்துக்கு வந்து நின்றது. அப்பாவின் காலடி பின்கட்டுப் பக்கம் போய் ஓய்ந்தது.

இரும்புப் படிகளில் ஏறித் தோளால் முட்டினாள். மூடி அசையவில்லை. பேஸ் இப்போது தலைக்கு நேர் மேலே. அவள் கூச்சல் அதற்குள் கரைந்தது. அவளுக்கே கேட்கவில்லை.

கைமுட்டியால் மூடியைக் குத்தினாள்.

ஒன்று.

மறுபடி.

இரண்டு.

பேஸ் நின்றது.

ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. நெட்டை. உள்ளேதான் இருந்தார். வெளியே விடச் சொல்லித் தட்டியிருக்கிறார். அப்பாவின் கால் பொய் சொல்லவில்லை. மூன்று வந்தது. உள்ளேயிருந்து வந்தது.

கையை மெல்ல இறக்கினாள். இரண்டு கையாலும் படியைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு என்றால் பொறு. அப்பா பொறுப்பார். பின்கட்டுச் சிமெண்டில் வெறுங்காலை ஊன்றி, வால்வில் கை வைத்து, எவ்வளவு நேரமானாலும் பொறுப்பார். அசையக் கூடாது. மூச்சுகூட மெதுவாக. யாராவது வருவார்கள்.

கீழே கிடந்த போனின் வெளிச்சம் சுவரில் அவள் நிழலைக் கொஞ்சம் நகர்த்தியது.

அவள் நகரவில்லை.

படியில், அவள் பாதத்துக்குப் பக்கத்தில், இரும்பு லேசாக முனகியது. எடை ஏறியதுபோல. அடுத்த படி. அடுத்த படி. பெயிண்ட் வாடை.

அவள் கை இரண்டும் படியில்தான் இருந்தன.

முகத்துக்கு அருகில், மூடி ஒருமுறை அதிர்ந்தது. துரு பொலபொலவென்று அவள் கன்னத்தில் உதிர்ந்தது.

பின்கட்டில் வால்வு திரும்பியது.